சிட்டிசன் மேட்டர்ஸ் சென்னை: வேலை நன்று, தமிழ்தான் குறை

நம் தெருவுக்கு யார் கவுன்சிலர் என்று கேட்டால் சென்னையில் நிறையப் பேருக்குத் தெரியாது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, 2016 முதல் 2022 வரை இந்த ஊருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி மன்றமே இல்லை, எல்லாம் அதிகாரிகள் கையில்தான் இருந்தது. 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்து, 200 வார்டுக்கும் கவுன்சிலர்கள் வந்து, மார்ச்சில் பிரியா மேயரானார். அதைப் பெரிய செய்தியாகப் போட்ட நாளிதழ்களும் டிவிகளும் அதோடு கோட்டை அரசியலுக்குத் திரும்பிவிட்டன. மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் என்ன தீர்மானம் போடுகிறார்கள் என்பது உள்பக்கத்து மூலையில் நாலு வரி.

அந்த இடத்தைத்தான் நகரப் பிரச்சினைகளை எழுதும் சிட்டிசன் மேட்டர்ஸ் என்ற இணையச் செய்தித் தளம் நிரப்புகிறது. 2008-இல் பெங்களூரில் ஆரம்பித்தது, ஊர்வாணி அறக்கட்டளை லாபநோக்கமில்லாமல் நடத்துகிறது, சென்னைக்கும் மும்பைக்கும் தனிப் பதிப்புகள் உண்டு. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, எந்தப் பிரச்சினைக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று பொறுமையாக விளக்குவது. தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, கழிவுநீர் பொங்கினால் குடிநீர் வாரியம், சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. இது தெரியாமல் கவுன்சிலரிடம் சண்டை போட்டால் அவர் அடுத்த ஆபீஸைக் கை காட்டுவார், அவர்கள் இன்னொருவரைக் காட்டுவார்கள், அதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசுவதற்கான ஏரியா சபை விஷயமும் அப்படித்தான். 2010-லேயே சட்டத்தில் இடம் கொடுத்தாயிற்று, விதிகள் வர 2022 ஆகிவிட்டது. சென்னையில் வார்டுக்குப் பத்து ஏரியா சபைகள். அதில் யார் உட்காருகிறார்கள், கூட்டம் உண்மையிலேயே நடக்கிறதா, நாம் போய்ப் பேசலாமா என்பதையெல்லாம் விடாமல் துரத்தி எழுதுபவர்கள் குறைவு, இவர்கள் எழுதுகிறார்கள். கொடுங்கையூர் குப்பை மேடு, பள்ளிக்கரணை சதுப்பு நிலம் மாதிரி வருஷக்கணக்கில் இழுக்கும் விவகாரங்களையும் ஒருநாள் பரபரப்போடு விட்டுவிடுவதில்லை. பெங்களூர்ப் பக்கமும் போய்ப் பாருங்கள், 2020 செப்டம்பரில் கவுன்சிலின் காலம் முடிந்தபின் வருஷக்கணக்காகத் தேர்தலே நடத்தவில்லை. நம் ஊரில் நடந்தது நம்முடைய கதை மட்டும் இல்லை என்பது அப்போதுதான் புரியும்.

சரி, குறைகள். முதல் குறை மொழி. பெரும்பாலும் ஆங்கிலம்தான். சொத்து வரி நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு திருவொற்றியூரில் திண்டாடும் ஒருவருக்கு இந்த விளக்கம் தமிழில் கிடைக்காவிட்டால் என்ன பயன்? மாமன்றத்தில் கவுன்சிலர்கள் தமிழில்தான் பேசுகிறார்கள், தீர்மானத்தால் பாதிக்கப்படுபவர்களும் தமிழில்தான் பேசுகிறார்கள், நடுவில் செய்தி மட்டும் ஏன் ஆங்கிலத்தில்? பணமும் ஆளும் குறைவு என்பது புரிகிறது, நன்கொடையை நம்பி நடப்பது. இருந்தாலும் பத்து கட்டுரை போடுகிற இடத்தில் ஆறு போட்டு அந்த ஆறையும் இரண்டு மொழியிலும் போடலாம், நான் அதற்குச் சந்தோஷமாகப் பணம் கொடுப்பேன்.

அப்புறம், வாசிக்கும்போது குடியிருப்போர் சங்கங்களின் குரல் கொஞ்சம் தூக்கலாகக் கேட்கிறது. அடையாறும் வேளச்சேரியும் தங்களுக்காகப் பேசிக்கொள்ளும். 2011-இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது உள்ளே வந்த மணலி, மாதவரம் பக்கமெல்லாம் இன்னும் அதிகம் வர வேண்டும். மேயரையும் ஆணையரையும் கேள்வி கேட்கும் அளவுக்குக் கவுன்சிலர்களின் கட்சி அரசியலைத் தொடுவதில்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது. யார் எந்தத் தீர்மானத்தை எதிர்த்தார், யார் மன்றத்தில் வாயே திறக்கவில்லை என்பதும் நமக்குத் தெரிய வேண்டும்தானே.

இந்தக் கவுன்சிலின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்கு முன்னால் 200 வார்டுக்கும் கவுன்சிலர் என்ன கேட்டார், என்ன நடந்தது என்று ஒரு தொகுப்பு வேண்டும். அதைச் செய்யும் பயிற்சி இவர்களிடம் இருக்கிறது. செய்தால் தமிழில் செய்யுங்கள்.