கம்பஸ் போகுமுன் ஜிபிஏ சொல்லிக்கொடுக்கிற உவர்மலை வகுப்பு

பொறியியல் பீடங்களுக்குத் தெரிவான பிள்ளைகளுக்காக திருகோணமலை உவர்மலையில் ஒரு வீட்டு மண்டபத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஒரு வகுப்பு நடக்கிறது. தம்பியை அனுப்பினேன், இடைக்கிடை நானும் பின்வரிசை வாங்கில் இருந்து கேட்டேன். பெயர்ப்பலகை, விளம்பரம் ஒன்றும் இல்லை. படித்து முடித்த இரண்டு அண்ணாமாரும் ஓர் அக்காவும் நடத்துகிறார்கள், கட்டணமும் அதிகமில்லை.

கணிதமும் புரோகிராமிங்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள், அது பரவாயில்லை ரகம்தான், யூடியூப்பிலும் கிடைக்கும். ஆனால் ஜிபிஏ (கம்பஸில் எல்லாப் பாடத் தரங்களுக்கும் சேர்த்து, பெரும்பாலும் 4க்கு, போடுகிற சராசரிப் புள்ளி) பற்றி இவர்கள் எடுத்த வகுப்பு மாதிரி நான் வேறு எங்கும் கேட்டதில்லை. நம் ஊர்க் கோணேசபுரி வளாகத்தில் பொறியியல் பீடம் கிடையாது, கிளிநொச்சி, ஒலுவில், பேராதனை, மொறட்டுவை, காலி என்று எங்கேயாவது தூரத்துக்குத்தான் போகவேண்டும். வீட்டில் கேட்டு அறிய ஆளில்லாத பிள்ளை முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த பிறகுதான் ஜிபிஏ எப்படி வருகிறது என்று விசாரிக்கத் தொடங்குகிறது, அதற்குள் ஒரு செமஸ்டர் போய்விடும்.

அண்ணா ஒரு தாளில் நாலு பாடம் எழுதிக் கொடுத்தார். கிரெடிட் என்றால் ஒரு பாடத்துக்கு உள்ள எடை. 3 கிரெடிட் பாடம் ஒன்றில் ஏ, இன்னொரு 3 கிரெடிட் பாடத்தில் சி, 2 கிரெடிட்டில் பி பிளஸ், 1 கிரெடிட் லாப்பில் ஏ. மூதூரில் இருந்து வருகிற ஒரு தங்கச்சி அந்தத் தரங்களுக்குரிய புள்ளிகளை 4, 2, 3.3, 4 என்று கூட்டி நாலால் பிரித்துவிட்டு, "3.3க்கு மேலே வருது அண்ணா, செகண்ட் அப்பர்தானே?" என்று கேட்டது. "இல்லை தங்கச்சி, முதல்ல கிரெடிட்டால பெருக்குங்கோ" என்றார். 12, 6, 6.6, 4, மொத்தம் 28.6. அதை 9 கிரெடிட்டால் பிரித்தால் 3.18தான். பிறகு அந்த சி இருந்த வரியை மட்டும் வட்டம் போட்டு, இதை பி ஆக்கிப் பாருங்கோ என்றார், 3.51 வந்தது. எந்தப் பாடத்துக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்று இதைவிடத் தெளிவாக ஒருவரும் சொல்லமுடியாது.

பொதுவாகப் பட்டம் முடிக்கும்போது ஜிபிஏ 3.7 என்றால் முதல் வகுப்பு, 3.3 என்றால் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு (அதுதான் செகண்ட் அப்பர்), 3.0 என்றால் கீழ்ப்பிரிவு. இதை எல்லாரும் சொல்வார்கள். இவர்கள் மிச்சக் கணக்கையும் செய்யவைக்கிறார்கள்: 60 கிரெடிட் முடிய 2.8இல் இருக்கிற பிள்ளை 135 கிரெடிட் முடிவில் 3.3க்கு வரவேண்டுமென்றால் மீதி 75 கிரெடிட்டிலும் சராசரி 3.7, அதாவது பாடத்துக்குப் பாடம் ஏ மைனஸ் எடுக்கவேண்டும். முதலாம் வருடம் விளையாடலாம், பிறகு பிடிக்கலாம் என்று சீனியர்மார் சொல்வதை நம்புகிற பிள்ளைகள் இதைக் கட்டாயம் செய்து பார்க்கவேண்டும். ஃபெயிலான பாடத்தை ரிப்பீட் எழுதினால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பல பீடங்களில் சி தரத்துக்கு மேல் தரமாட்டார்கள் என்பதையும் அழுத்திச் சொன்னார்கள்.

அக்கா சொன்ன ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஏஎல் (உயர்தர) பரீட்சையில் இசட் ஸ்கோர், மாவட்டக் கோட்டா என்று மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டே பழகிவிட்டோம், ஜிபிஏ சூத்திரத்தில் பக்கத்தில் இருப்பவனின் மார்க்ஸ் எங்கேயும் வராது, அதனால் நோட்ஸை ஒளிக்காமல் சேர்ந்து படியுங்கோ என்றார்.

குறைகளும் இருக்கின்றன. நாலு மணி வகுப்பு நாலரைக்குத்தான் தொடங்கும், மூதூர், கிண்ணியாப் பிள்ளைகள் பஸ்ஸுக்காகக் கடைசிப் பகுதியை விட்டுவிட்டு ஓடுகிறார்கள், இது பெரிய அநியாயம். லாப் ரிப்போர்ட் எழுதுவது பற்றி ஒரு சொல்லும் இல்லை. கொடுத்த போட்டோக்கொப்பியில் இருப்பது ஒரே ஒரு பீடத்தின் விதிகள், மற்றப் பீடங்களில் கிரெடிட் மொத்தமும் வேறு, சில நிபந்தனைகளும் வேறு. பெற்றோரையும் ஒருநாள் கூப்பிட்டு விளக்கினால் நல்லது. 3.18 என்றதும் எங்கள் அம்மா "நூற்றுக்கு எத்தனை மகன்?" என்றுதான் கேட்டார், தம்பிக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

இந்த வருடம் தெரிவான பிள்ளை வீட்டில் இருந்தால் தயங்காமல் அனுப்புங்கள். போகும்போது போகப்போகிற பீடத்தின் கையேட்டையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடுங்கள், கேட்டால் அதைப் பார்த்தே அந்த விதிப்படி கணக்குச் செய்து காட்டுகிறார்கள்.