கரி அடுப்புத் தட்டு சிக்கினால்: எரியும்போதே விடுவிப்பதா, அணைத்துவிட்டா?

அமெரிக்காவின் வடகிழக்குப் பென்சில்வேனியாவில் வீட்டைச் சூடாக்க இன்றும் ஆந்த்ரசைட் என்னும் கடினமான நிலக்கரியை எரிப்பவர்கள் உண்டு. நள்ளிரவுக் குளிரில், கரி எரியும் வார்ப்பிரும்புத் தட்டை ஆட்டிச் சாம்பலை உதிர்க்கும் கைப்பிடி அசையவில்லை என்றால் வழி இரண்டு.

ஒன்று, தீ இருக்கும்போதே முயல்வது. முதலில், அடியில் சாம்பல் விழும் பெட்டியை உருவிப் பாருங்கள். பல நேரம் அது நிரம்பி வழிந்து, மேலே இடிப்பதுதான் கோளாறு. அது காலி என்றால், நுனி வளைந்த மெல்லிய கம்பியை அடியிலிருந்து எரிதட்டின் இடுக்குகளில் விட்டு இழுக்கலாம். சின்ன கிளிங்கர், அதாவது சாம்பல் உருகி இறுகிய கட்டி, உடைந்து விழும். மேலிருந்து குத்தவே குத்தாதீர்கள். சாம்பல் கனலோடு கலந்து உருகி, புதுக் கட்டி உருவாகும். கைப்பிடியில் நீளக் குழாயைச் செருகி நெம்புவதும் வேண்டாம். வார்ப்பிரும்பு வளையாது, உடையும்.

மற்றது, அணையவிட்டு முழுக்க அள்ளுவது. ஒரு இரவுச் சூடு போகும், மறுபடி விறகு வைத்துப் பற்றவைக்கும் பாடும் உண்டு. ஆனால் கல்லோ, பழைய பலகையிலிருந்து வந்த ஆணியோ தட்டின் பல்லிடுக்கில் மாட்டியிருந்தால் வேறு வழியில்லை. தட்டு சூட்டில் நெளிந்திருக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். அள்ளியதை மூடியுள்ள இரும்பு வாளியில், வீட்டுக்கு வெளியே வையுங்கள்.

கம்பியால் நாலு இழுப்பில் விடாவிட்டால் நான் அணைத்துவிடுவேன். அடைத்த தட்டின்மேல் அரைகுறையாக எரியும் கரி கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவைக் கக்கும். அதன் எச்சரிக்கைக் கருவி வீட்டில் இல்லாதவர்கள் முதல் வழியை நினைக்கவே வேண்டாம்.