ஸ்டீல் கேபிளைக் கழற்றிவிட்டுக் கயிறு மாட்டி நான்கு வருடம்

கொட்டிவாக்கத்தில் கடலுக்கு நடக்கிற தூரத்தில் வீடு. கேட் தாழ்ப்பாள், சைக்கிள் செயின், மொட்டை மாடிக் கொடிக்கம்பி எதுவும் இங்கே இரண்டு மழைக்காலத்தைத் தாண்டாது. 2019இல் என் மஹிந்திரா தார் ஜீப்பில் விஞ்ச் மாட்டியபோது இது எனக்குத் தோன்றவில்லை. விஞ்ச் என்றால் வண்டியின் முன்னால் மாட்டும் மோட்டார்; கேபிளை டிரம்மில் சுற்றிச் சுற்றி, மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும். 9,500 பவுண்டு விஞ்ச், அதாவது சுமார் 4,300 கிலோ இழுக்கும். கூடவே வந்தது ஸ்டீல் கேபிள். ஒன்றரை வருடத்தில் டிரம்மின் மேல்சுற்று துருவேறிச் செம்மண் நிறமாகிவிட்டது. எண்ணெய் பூசினேன். எண்ணெயில் மணல் ஒட்டியது. விட்டுவிட்டேன்.

கேபிளை நான் வெறுக்கத் தொடங்கியது துருவால் அல்ல. 2021இல் செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரிக்குள் நண்பரின் ஜிப்ஸி இறங்கி மாட்டிக்கொண்டது. வற்றிய ஏரிக் களிமண் மேலே பார்த்தால் வெடித்துக் காய்ந்திருக்கும், ஒரு சாண் கீழே அல்வா. இழுத்து முடித்துவிட்டுக் கேபிளைக் கையில் பிடித்தபடி டிரம்மில் சுற்றவிட்டேன். அறுந்து நீட்டிக்கொண்டிருந்த ஒற்றைக் கம்பி தோல் கையுறையைத் துளைத்து உள்ளங்கையில் இறங்கியது. விஞ்ச் சுற்றிக்கொண்டே இருந்தது. ரிமோட் நண்பர் கையில். "நிறுத்து"ன்னு கத்தி, அவர் பொத்தானை விடுவதற்குள் என் கை, கேபிள் உள்ளே நுழைகிற ரோலரை நோக்கி ஒரு முழம் போய்விட்டது. கைக்கு ஒரு டெட்டனஸ் ஊசியோடு தப்பித்தேன். அடுத்த வாரமே செயற்கை இழைக் கயிறு தேட ஆரம்பித்தேன்.

வாங்கியது 10 மில்லிமீட்டர், 28 மீட்டர், நீல நிறம். டைனீமா என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அந்த வகை. டைனீமா ஒரு பிராண்டின் பெயர். பொருள் ஒருவகைப் பாலிஎத்திலீன் இழைதான், நம் பால் கவருக்குத் தூரத்துச் சொந்தம். பன்னிரண்டு புரிகளைக் கூந்தல் மாதிரிப் பின்னியிருக்கும், நடுவில் வெற்றிடம். விலை கேபிளைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் பழைய கேபிள் கயிற்றைவிடப் பல மடங்கு கனம்; இந்தக் கயிறு இரண்டு கிலோகூட வராது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் நடந்து பார்த்தால்தான் அந்த வித்தியாசம் புரியும்.

புதுப்பேட்டையில் மாட்டக் கொடுத்தபோது கடைக்காரர், "ரோலர் அப்படியே இருக்கட்டும் சார், ஒண்ணும் ஆகாது" என்றார். விரலால் தடவிப் பார்த்தேன். இரண்டு வருடம் கேபிள் ஓடிய ரோலரில் அரம் மாதிரிக் கீறல்கள். கயிறு அதில் ஓடினால் காய்கறி சீவுகிற மாதிரி இழை இழையாகப் போய்விடும். ரோலரைக் கழற்றி, வழவழப்பான அலுமினிய வழிகாட்டி வளையம் போடச் சொன்னேன். கேபிளிலிருந்து மாறுகிறவர்கள் இந்தச் செலவையும் கயிற்றின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். டிரம்மையும் பாருங்கள், கேபிள் அழுத்திய இடத்தில் பிசிறு இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட வேண்டும்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். 3, 4 தேதிகளில் கொட்டிய மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் எல்லாம் தண்ணீர். பெரும்பாக்கத்தில் உறவினர் ஒருவரின் கார், மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கிச் சாய்ந்து நின்றது. முழங்காலுக்கு மேல் தண்ணீர், காப்பி நிறம். பக்கத்து வீட்டுப் பெரியவர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "தம்பி, நைலான் கயித்தாலயா காரை இழுக்கப் போற?"

"நைலான் இல்ல ஐயா, இது வேற."

"கெணத்துக் கயிறு மாதிரிதான் இருக்கு."

இருக்கிறதுதான். ஆனால் கயிறு தண்ணீரில் மிதந்தது. கேபிளாக இருந்தால் அடியில் எங்கே கிடக்கிறது, எதில் சுற்றிக்கொண்டது என்று காலால் துழாவ வேண்டியிருந்திருக்கும். இங்கே நீலக் கோடு தண்ணீர் மேல் நேராகத் தெரிந்தது. நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டுவிட்டு, ஆட்களை விலகச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். பத்து நிமிடத்தில் கார் மேலே. பெரியவர் சாயந்திரம் வந்து கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

கயிறு அறுந்தால் அடிக்காது என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். கேபிள் அளவுக்கு எடையில்லாததால் சாட்டையாகச் சுழன்று வருகிற வேகமும் வலுவும் குறைவு, அவ்வளவுதான். முனையில் கட்டிய இரும்புக் கொக்கி கழன்றால் அது பறந்துதான் வரும். அதனால்தான் சாக்கு, அதனால்தான் வேடிக்கை பார்ப்பவர்களை விரட்டுவது.

இனி என் முட்டாள்தனம். சென்ற வருடம் ஒரு சரிவில் நண்பரின் வண்டியைக் கயிற்றில் கட்டி, விஞ்சை எதிர்ப்பக்கம் ஓட்டி மெதுவாகக் கீழே இறக்கினேன். இந்த மாதிரி விஞ்சுகளில் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருக்கிறது. சுமையோடு கயிற்றை வெளியே விடும்போது அது உரசிக்கொண்டே இருக்கும், டிரம் தோசைக்கல்லாகிவிடும். இந்த இழை உருகுவது 145 டிகிரி செல்சியஸ் பக்கத்தில். 70 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடானாலே வலு குறையத் தொடங்கும். வீட்டுக்கு வந்து முழுவதும் அவிழ்த்தபோது அடிச்சுற்றில் இரண்டு மீட்டர் மெழுகுவர்த்தி மாதிரிப் பளபளவென்று விறைத்திருந்தது. மடக்கினால் நொறுங்குகிற சத்தம். அடிச்சுற்றுக்கு வெப்ப உறை போட்டு விற்கிறார்கள். அது இல்லாமல் வாங்கியது என் சிக்கனம்.

அந்த இரண்டு மீட்டரை வெட்டி எறிந்தேன். முன்னமே கொக்கிப் பக்கம் கல்லில் உரசிப் புரி அறுந்து ஒன்றரை மீட்டர் போயிருந்தது. அப்போது முடிச்சுப் போடலாமா என்று நினைத்தேன். இந்தக் கயிறு மீன் மாதிரி வழுக்கும், முடிச்சு நின்றாலும் பாதி பலம் போய்விடும். குப்பத்தில் வலை பின்னும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். மூன்று புரிக் கயிற்றைப் பிரித்துப் பின்னிச் சேர்ப்பதில் அவர் புலி. இதைக் கையில் வாங்கி இரண்டு முறை உருட்டிப் பார்த்துவிட்டு, "இது புரி கயிறு இல்லப்பா, பாம்புச்சட்டை மாதிரி இருக்கு. உள்ளவே விடு" என்றார். அதேதான் முறை. பின்னலைத் தள்ளினால் வாய் திறக்கும், வால்முனையை உள்ளே நுழைத்துவிட வேண்டும். விட்டத்தைப்போல 72 மடங்கு உள்ளே போகணும், என் கயிற்றுக்கு 72 சென்டிமீட்டர். முனைக்கு வரவர இழைகளை மெலிதாக்கிவிட வேண்டும். பிறகு இழுக்க இழுக்க வெளிப்பின்னல் வாலை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. காட்டில் நின்று கேபிளுக்கு இப்படிச் செய்ய முடியாது.

பராமரிப்புதான் உண்மையான விலை. ஒவ்வொரு சேற்றுக்கும் பிறகு அவிழ்த்து, வாளியில் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பின்னலைத் தள்ளித் தள்ளி அலச வேண்டும். அப்போது விரல்களுக்கிடையில் மணல் நறநறக்கும். அந்த மணல் உள்ளேயே இருந்தால் ஒவ்வோர் இழுவையிலும் இழையை அறுக்கும். காய வைப்பது நிழலில். வெயிலில் மேற்பரப்பு வெளுத்துப் பஞ்சு பறக்கிறது; லேசான பஞ்சு பரவாயில்லை, உள்ளிருக்கும் இழைக்கு அதுவே போர்வை. முன்பக்க மேல்சுற்று நீலம் போய்ச் சாம்பலாகிவிட்டதால் பழைய தார்ப்பாயில் ஓர் உறை தைத்துப் போட்டிருக்கிறேன். இன்னொன்று: டிரம்மில் எட்டுச் சுற்றாவது எப்போதும் மிச்சமிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கிக் கழன்றுவிடும்.

ரிக்கவரி வண்டி ஓட்டும் நண்பர் இன்னும் கேபிள்தான் வைத்திருக்கிறார். தினமும் நான்கு வண்டி, கான்கிரீட் விளிம்பு, தார் ரோடு, ராத்திரி வேலை. அவர் எங்கே உட்கார்ந்து கயிறு துவைப்பார்? அவருக்கு அதுதான் சரி. மாதம் இரண்டு முறை ஏரிச் சேற்றில் இறங்கி, மீதி நாளெல்லாம் உப்புக்காற்றில் வண்டியை நிறுத்துகிற எனக்கு இனிமேல் கேபிள் வேண்டாம்.

28இல் இப்போது மிச்சம் 24 மீட்டர் சொச்சம். ஐப்பசி மழைக்கு முன் கயிற்றைத் தலைமாற்றிச் சுற்ற வேண்டும். இவ்வளவு நாள் உள்ளே கிடந்த புதுப்பக்கம் வெளியே வரட்டும். இழுக்கும்போது மேலே போடுகிற சாக்கைத்தான் காணோம். அம்மா அதில் வடகம் காயவைத்திருக்கிறாள்.