பங்குனிக் காலையில் பறவை பார்க்க: வேடந்தாங்கலா, கரிக்கிலியா?

நாலு பேர் சேர்ந்தால் எங்களுக்குள் இந்தச் சண்டை வந்துவிடும். இரண்டுமே செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிகள். 2022இல் இரண்டுக்கும் ராம்சர் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. ஒற்றுமை அத்தோடு சரி.

வேடந்தாங்கலில் அதிகம் நடக்கவே வேண்டாம். கரையில் நின்றாலே போதும். தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள் முழுக்கக் கூடுகள். பங்குனியில் குஞ்சுகள் ஓரளவு வளர்ந்திருக்கும். கூழைக்கடா வாயைத் திறந்ததும் குஞ்சு தலையை அதன் தொண்டைப்பைக்குள்ளேயே நுழைத்து மீன் தேடும். பைனாகுலரில் அதைப் பார்த்த தோழி ஐந்து நிமிடம் பேசவில்லை, அதுவே அதிசயம். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால், 1798லேயே பறவைகளுக்குப் பாதுகாப்புக் கேட்டு வாங்கிய ஊர் இது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்தான் தலைவலி.

கரிக்கிலியில் கூடு கட்டும் கூட்டம் பெரிதாக இல்லை. வலசை வந்த வாத்துகளும் பெரும்பாலும் வடக்கே கிளம்பியிருக்கும். ஆனால் சுற்றுவட்டார வயல்வரப்பில் காலாற நடக்கலாம். மின்கம்பியில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் பனங்காடை பறந்தால்தான் அதன் சிறகு நீலம் தெரியும். ஆள்காட்டியோ நம்மைக் கண்டதும் ஊரையே கூட்டும்.

முதன்முறை வருபவரை வேடந்தாங்கலுக்குத்தான் கூட்டிப்போவேன். அரட்டை அடித்தபடி நடக்க ஆசை என்றால் கரிக்கிலி. எதுவானாலும் ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுங்கள், வெயில் கொளுத்தும்.