பியானோ பயிற்சியில் ஓய்வு: அலாரமா, மூன்றாவது தப்பா?

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு டிஜிட்டல் பியானோ. வாசிப்பது இரண்டு பேர், நானும் என் பதினோரு வயது மகளும். சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்துப் புதுச்சேரி போய் ஒரே சாரிடம்தான் கற்றுக்கொள்கிறோம். ஆனால் பயிற்சியின் நடுவே எப்போது ஓய்வெடுப்பது என்பதில் இருவரும் இரண்டு கட்சி. அவள் மொபைலில் 25 நிமிடத்துக்கு அலாரம் வைப்பாள். அடித்ததும் 5 நிமிடம் ஓய்வு. நானும் நான்கு மாதம் அப்படித்தான் வாசித்தேன். அப்புறம் மாறிவிட்டேன். ஒரே இடத்தில் ஒரே தப்பு மூன்று முறை வந்தால் கையை எடுத்துவிடுவது. ஒரு வருடமாக இதுதான் என் வழி.

வலித்தால் நிறுத்துவது என்று இன்னொரு வழியும் இருக்கிறது. அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே எனக்கு மனமில்லை. வலி தெரியும் நேரத்தில் கை ஏற்கெனவே அளவுக்கு மீறி உழைத்திருக்கும். ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின் இளம் வயதில் வெறித்தனமாகப் பயிற்சி செய்து வலது கையைக் கெடுத்துக்கொண்டவர். இடது கை மட்டுமே வாசிக்கும்படி 1894-ல் அவர் இசை எழுதியதற்குப் பின்னால் அந்தக் காயம் இருக்கிறது.

அலாரத்தின் நன்மை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: யோசிக்க வேண்டாம், மறக்காது, வாசிப்பில் மூழ்கிப்போகிறவர்களை இழுத்து நிறுத்தும். ஆனால் இந்த 25-க்கு 5 கணக்கு எங்கிருந்து வந்தது? 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், பாடப் புத்தகத்தில் கவனம் நிற்க வேண்டும் என்று தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்துக்கொண்டு உருவாக்கியது. படிப்புக்கு அது சரி. பியானோவில் ஸ்கேலை, அதாவது ஸ்வரங்களை வரிசையாக ஏற்றி இறக்குவதை, மெதுவாக வாசித்தால் 25 நிமிடத்தில் கைக்கு ஒன்றும் ஆகாது. விரலை அகட்டி ஆக்டேவ், அதாவது ஒரே ஸ்வரத்தின் கீழ் விசையையும் மேல் விசையையும் சேர்த்து, அடித்தால் எனக்கு ஐந்து நிமிடத்திலேயே முன்கை இறுகிவிடும். அலாரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

இருந்தாலும் நான் மாறியது கைக்காக அல்ல, தப்புக்காக. ஒரு கிரேடு தேர்வுப் பாடத்தில், பதினோராவது பாரில் (தாளக் கட்டில்), இடது கையில் நான்காவது விரல் போக வேண்டிய இடத்தில் ஐந்தாவது விரல் போய்க்கொண்டே இருந்தது. அலாரத்தைப் பார்த்தேன். இன்னும் 9 நிமிடம். சரி, அதுவரை விடக்கூடாது என்று அந்த ஒரே பாரைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இருபது முறையாவது இருக்கும், பெரும்பாலும் தப்பாகவே. சனிக்கிழமை சார் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தப்பு கையில ஏறிடுச்சும்மா. ஏத்துறதுக்கு ஒரு நாள் போதும், இறக்கத்தான் நாளாகும்." மூன்று வாரம் ஆனது. சரியாக வாசித்தாலும் தப்பாக வாசித்தாலும், எதைத் திரும்பச் செய்கிறோமோ அதைத்தான் கை பழகிக்கொள்கிறது. களைத்த பிறகு வாசிக்கும் ஒவ்வொரு நிமிடமும் அடுத்த வாரத்துக்கு வேலை வைத்துவிட்டுப் போகிறது. எந்த முறையில் ஓய்வெடுத்தால் தப்பு கையில் ஏறாமல் இருக்கும் என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் நான் முடிவெடுத்தேன்.

ஏன் மூன்று? முதல் தப்பு கவனக்குறைவாக இருக்கலாம். இரண்டாவது முறை கவனித்து, வேகத்தைக் குறைத்து வாசிக்கிறேன். அப்படியும் அதே தப்பு வந்தால் கையோ மனதோ களைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். விரலை இயக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டு வழியாக விரலுக்குப் போகின்றன. அதனால் விரலில் எதுவும் தெரியாது. காதுக்குத்தான் முதலில் தெரியும்: கட்டைவிரல் ஸ்வரம் மட்டும் தொப்பென்று விழும், தாளம் தட்டும் மெட்ரோனோமை முந்திக்கொண்டு ஓடுவேன். என் தோள் காதருகே ஏறியிருப்பதையும் அப்போதுதான் கவனிப்பேன்.

ஓய்வும் நீளமாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 2019-ல் வந்த ஓர் ஆய்வில், புதிய விசை வரிசை ஒன்றை 10 விநாடி தட்டி 10 விநாடி ஓய்வெடுத்தவர்களுக்கு, ஆரம்பகட்ட முன்னேற்றத்தில் பெரும்பகுதி அந்த ஓய்வு இடைவெளிகளில்தான் தெரிந்தது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் சிலர் இதற்கு வேறு விளக்கம் தருகிறார்கள், அதனால் இதை மட்டும் நம்பி நான் மாறவில்லை. ஆனால் ஒரு நிமிடம் கையைத் தொங்கவிட்டு ஜன்னலோரம் நின்றுவிட்டு வந்தால் அந்த பார் பெரும்பாலும் சரியாக வந்துவிடுகிறது. அலாரம் வைத்த நாட்களில் ஓய்வு முழுக்க மொபைலில் போனது. அடித்த அலாரத்தை அணைக்கவே அதைத்தான் கையில் எடுக்க வேண்டியிருந்தது. திரையைத் தள்ளுவதும் அதே கட்டைவிரல்தானே!

என் முறையிலும் ஓட்டை இருக்கிறது. நன்றாக வரும் நாளில் தப்பே வராது, எழுந்திருக்கவும் தோன்றாது. அப்படி ஒரு மணி நேரம் வாசித்த இரவுக்கு மறுநாள் காலை கட்டைவிரல் அடியில் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து சமையலறை டைமரை 40 நிமிடத்தில் வைக்கிறேன். அது அடித்தால் எப்படி வந்துகொண்டிருந்தாலும் நிறுத்திவிடுவது. விரல் மரத்துப்போவது, கூசுவது என்று வந்தால் இந்த இரண்டு வழியும் உதவாது, டாக்டரிடம்தான் போக வேண்டும். நான் இன்னும் கிரேடு 3-ல் இருக்கிறேன். நீண்ட, கனமான பாடங்களுக்கு மூன்று என்ற எண்ணிக்கை பொருந்துமா என்று சொல்லும் அளவுக்கு நான் வாசித்ததில்லை.

இன்னொன்று, தப்பு காதில் விழுந்தால்தான் இந்த முறை வேலை செய்யும். என் மகளுக்கு, தான் வாசிக்கும்போது அது இன்னும் பிடிபடவில்லை. அதனால் அவளை அலாரத்திலேயே விட்டுவைத்திருக்கிறேன். நான் வாசிக்கும்போது மட்டும் அடுத்த அறையிலிருந்து சரியாக எண்ணிவிடுகிறாள். "அம்மா, மூணாச்சு!" என்று குரல் வந்தால் எழுந்துவிடுகிறேன்.