7,800 ரூபாய் போச்சு: பழைய போட்டோ சிடி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 1990களில் ஃபிலிமை ஸ்கேன் செய்து பதிந்து தந்த கோடாக் போட்டோ சிடி வீட்டில் இருந்தால், அதை "ஜேபெக்காக மாற்றித் தருகிறோம்" என்கிற கடையில் நீட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள். பெரியப்பா சிங்கப்பூரில் ஸ்கேன் போட்டு வைத்திருந்த 6 டிஸ்க். டிஸ்குக்கு 1,300 வீதம் 7,800 ரூபாய், மொத்தமும் முன்பணம். புகார் நடப்பதால் கடை பெயரைச் சொல்லவில்லை. வீடியோ கேசட், நெகட்டிவ் எல்லாவற்றையும் டிஜிட்டல் ஆக்கித் தரும் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்கைத் திறந்தால் போட்டோ_சிடி என்ற ஃபோல்டர், அதற்குள் இமேஜஸ், அதற்குள் வரிசையாக பிசிடி ஃபைல்கள். டபுள் கிளிக் செய்தால் விண்டோஸ் கையை விரிக்கும். ஜேபிஜி என்று பெயரை மாற்றினாலும் பயனில்லை, உள்ளே இருப்பது ஜேபெக்கே இல்லை. இணையத்தில் தேடினால் இன்னொரு குழப்பம்: முப்பரிமாண ஸ்கேனர் ஒரு பொருளைப் புள்ளிகளாகப் பதியும் பாயின்ட் கிளவுட் ஃபைலுக்கும் இதே பிசிடி என்ற பின்னொட்டுதான். அதற்கான மென்பொருளை இறக்கிப் போட்டுவிட்டு, "ஃபைல் கரப்ட்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஹெக்ஸ் எடிட்டரில் (ஃபைலை பைட் பைட்டாகக் காட்டும் மென்பொருள்) திறந்து 2048-வது பைட்டைப் பாருங்கள். பிசிடி, அடிக்கோடு, ஐபிஐ என்ற எழுத்துகள் அங்கே இருந்தால் அது போட்டோ சிடி படம்தான். ஓவர்வியூ என்ற பெயரில் தனியாக இருக்கும் ஃபைல் வெறும் சின்னப் படங்களின் தொகுப்பு. அது திறக்கவில்லையே என்று பதற வேண்டாம்.

ஏமாற்று எங்கே நடக்கிறது என்றால், ஒரே பிசிடி ஃபைலுக்குள் 5 அளவுகள் இருக்கின்றன: 192 × 128, 384 × 256, 768 × 512, 1536 × 1024, 3072 × 2048. முதல் மூன்றும் சுருக்கப்படாமல் அப்படியே கிடக்கும், பிசிடி திறக்கத் தெரிந்த எந்த மென்பொருளும் சுலபமாக எடுத்துவிடும். மேலே உள்ள இரண்டும் முழுப் படமாக இருக்காது. கீழ் அளவுப் படத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் மட்டும் ஹஃப்மன் என்ற சுருக்க முறையில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அதைப் பிரித்துக் கூட்டினால்தான் முழுப் படம் வரும். அதனால் பல மென்பொருள்கள் தாமாக 768 × 512-லேயே நின்றுவிடுகின்றன. முழு அளவில் சுமார் 63 லட்சம் பிக்சல், 768 × 512-ல் 4 லட்சத்துக்கும் கீழே. பதினாறில் ஒரு பங்கு!

இது அந்தக் கடைக்காரருக்குத் தெரியாததல்ல. கவுன்டரில் நான் வாயைத் திறக்கும் முன்பே, "சிக்ஸ்டீன் பேஸ்லயே எடுத்துத் தர்றோம் சார், கவலைப்படாதீங்க" என்றார். முழு அளவுக்குத் துறைக்காரர்கள் சொல்லும் பெயர் அது. அந்தப் பெயரைத் தெரிந்து சொல்கிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? அந்த ஒரு வார்த்தையில்தான் 7,800 ரூபாய் கைமாறியது. பில்லில் எழுதியது "போட்டோ கன்வர்ஷன் 6" மட்டும்.

வந்த பென் டிரைவில் எல்லா ஜேபெக்கும் 3072 × 2048 என்றே காட்டின. ஆனால் 100 சதவீதத்தில் பார்த்தால், சிங்கப்பூர் தேக்கா பகுதியின் கடைப் பலகை ஒன்றில் மெய்யெழுத்துகளின் புள்ளி எல்லாம் கரைந்து போயிருந்தது. 768-ஐ எடுத்து இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். சோதிப்பது சுலபம்: படத்தை 768 × 512-ஆகச் சுருக்கி, மறுபடி பெரிதாக்கி, அவர்கள் கொடுத்ததன் மேல் வைத்துப் பாருங்கள். அவர்கள் கொடுத்தது நிஜமான முழு அளவுப் படம் என்றால், சுருக்கிப் பெரிதாக்கிய பிரதியில் முடி, துணி நெசவு, எழுத்து விளிம்பு எல்லாம் மங்கியிருக்கும். இதில் ஒரு மாற்றமும் இல்லை.

இன்னொன்று, வெள்ளை வேட்டி. மடிப்பே தெரியாமல் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது. போட்டோ சிடியின் நிற முறையில் வெள்ளைக்கு மேலேயும் வெளிச்ச விவரம் பதிவாகியிருக்கும். அதைத் திரைக்கு ஏற்றபடி கீழே இறக்கத் தெரியாத மென்பொருள் மேலே உள்ளதை வெட்டி எறிந்துவிடும். சட்டை, மேகம், மல்லிகைப்பூ, எல்லாம் போச்சு.

கேட்கப் போனால் "பழைய சிடி சார், இவ்ளோதான் வரும்." டிஸ்கில் பிசிடி ஃபைல் ஒவ்வொன்றும் 4, 5 எம்பி இருக்கிறதே, 768 மட்டும் என்றால் 1 எம்பி கூட வராதே என்றால், "உங்க மானிட்டர் செட்டிங்கைப் பாருங்க." அப்புறம் "ஓனர் ஊருக்குப் போயிருக்கார்." வாட்ஸாப்பில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. கடைசியில் ஓனரே சொன்னது: "பில்லுல ரெசல்யூஷன் எழுதலையே?" டிஸ்கோடு வந்த சின்னப் பட அட்டைகளில் இரண்டு திரும்பி வரவே இல்லை. அதைப் பற்றிக் கேட்டதற்கு "அப்படி ஒண்ணு இருந்துச்சா?" என்கிறார். 7,800 ரூபாய் வாங்கியவர் கேட்கிற கேள்வியா இது?

இந்த வேலைக்குக் காசே தேவையில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். பிசிடி டு ஜேபெக் என்ற இலவசக் கருவி முழு அளவையும் எடுக்கும், வெள்ளையையும் ஒழுங்காக இறக்கும். இமேஜ்மேஜிக் (கட்டளை தட்டி இயக்கும் படக் கருவி) என்றால் ஃபைல் பெயருக்குப் பின்னால் சதுர அடைப்புக்குறிக்குள் 5 என்று போட வேண்டும், போடாவிட்டால் அதுவும் 768-தான். இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருளுக்கு பிளகின் தொகுப்பைத் தனியாகப் போட்டுவிட்டு, செட்டிங்கில் அளவை மாற்றுங்கள்.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: கடைக்குத்தான் போவேன் என்றால் ஒரே ஒரு ஃபைலைக் கொடுத்து மாற்றி வாங்கிப் பாருங்கள். பில்லில் "3072 × 2048, பெரிதாக்கியது அல்ல" என்று எழுத வையுங்கள். டிஸ்க் பல தவணைகளில் பதிந்ததாக இருக்கலாம், சில டிரைவ் முதல் தவணையை மட்டும் காட்டும். அட்டையில் உள்ள படங்களை எண்ணிச் சரிபாருங்கள், அட்டையைக் கையை விட்டு விடாதீர்கள். முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே புகார் கொடுத்தாயிற்று, 7,800-ம் வந்தால் இங்கேயே சொல்கிறேன்.