டி-ஷர்ட் போர்வை: மூன்று வருடமும் ஒரு மஞ்சள் சதுரமும்

பழைய டி-ஷர்ட்டுகளை வெட்டி நான் தைத்த போர்வையில் போன வாரம் மூன்றாவது தடவையாகத் தையல் பிரிந்தது. அதே சதுரம்தான். ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்த நேரம் பார்த்துப் பாலக்கோட்டிலிருந்து அண்ணி போன் செய்தார். "பையனோட பழைய டி-ஷர்ட் ஒரு மூட்டை கிடக்கு. உன்னோடது மாதிரி போர்வை தைக்கலாமா?"

அண்ணி தையல் தெரிந்தவர். பனியன் துணி இழுத்த பக்கமெல்லாம் வரும், வெட்டுவதற்கு முன்பே பின்பக்கம் ஒட்டு கேன்வாஸ் (சூட்டில் ஒட்டிக்கொள்ளும் பசை தடவிய துணி) வைத்து இஸ்திரி போட வேண்டும், நுனி உருண்ட பால்பாயிண்ட் ஊசி மாட்டாவிட்டால் மிஷின் தையலை விட்டுவிட்டு ஓடும் என்பதெல்லாம் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 13 அங்குலத்தில் 30 சதுரம் வெட்டினேன். தைத்து முடிந்தபோது 5 அடிக்கு 6 அடி வந்தது. அடியில் அம்மாவின் பழைய நூல் சேலை.

அவருக்குத் தெரியாதது அந்த மஞ்சள் சட்டைக் கதை. ஒகேனக்கல்லில் எண்ணெய் மசாஜ் முடித்து, குளிக்கச் சோம்பல்பட்டு, அப்படியே மஞ்சள் டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு பரிசலில் ஏறிவிட்டார் என் வீட்டுக்காரர். முதுகில் எண்ணெய் இறங்கியது. எத்தனையோ முறை துவைத்தாயிற்று, போய்விட்டது என்றுதான் நினைத்தேன். எண்ணெய் ஊறிய இடத்தில் கேன்வாஸ் பசை பிடிக்காது என்பது இரண்டாவது சலவையில் தெரிந்தது. முதலில் அப்பளம் மாதிரி அங்கங்கே கொப்புளம். அப்புறம் கேன்வாஸ் உள்ளே சுருண்டு கட்டியாகி, மேல்துணி தொப்பை போட்டுவிட்டது. உதறும்போதெல்லாம் அந்தத் தொப்பை இழுத்து ஓரத் தையல் பிரிகிறது. பக்கத்திலேயே மாம்பால் பட்டுக் கறுத்த தோப்புச் சட்டை இருக்கிறது. பார்க்க அசிங்கம், ஆனால் ஒட்டு அப்படியே நிற்கிறது.

நியாயமாகச் சொன்னால் மற்ற 29 சதுரத்திலும் ஒரு இழை அசையவில்லை. தை மாதக் குளிரில் கடையில் வாங்கிய கம்பளியை யாரும் தொடுவதில்லை; இதற்குத்தான் சண்டை. ஆனால் நனைந்தால் பிழிய இரண்டு ஆள் வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு நாள் ஆனாலும் காயாது, ஒரு வாடை வேறு.

"வேண்டாம் அண்ணி, காசு கொடுத்து ஒரு போர்வை வாங்கிடுங்க" என்றேன்.

"சரி, அந்த மஞ்சளை மட்டும் பிரிச்சிட்டு வேற சட்டையை வெச்சுத் தையேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பரிசலில் போனதற்கு அது ஒன்றுதானே மிச்சம்! அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டு, இந்த முறை கையாலேயே இரட்டை நூலில் தைத்தேன்.

5-க்கு 2 மதிப்பெண். மாங்காய் காலத்து வெயிலில், மடியில் இதைப் போட்டுக்கொண்டு தைத்த கையோடு போடும் மதிப்பெண் இது. தை மாதத்தில் கேட்டுப் பாருங்கள்.